எழுத மறுக்கும் குழந்தை: அறிகுறியைப் பார்த்துக் காரணம் காண ஒரு வழிமுறை

எழுதச் சொன்னால் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்று பெற்றோர் பலரும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். அந்த ஒரு குறைக்குப் பின்னால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல காரணங்கள் இருக்கின்றன. கை வலிக்கும் குழந்தைக்குக் கதைப் புத்தகம் வாங்கித் தருவதாலும், சொல்வதற்கு எதுவும் கிடைக்காமல் தவிக்கும் குழந்தைக்குக் கையெழுத்துப் பயிற்சி நோட்டு வாங்கித் தருவதாலும் எந்தப் பயனும் விளையாது. ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு வாரம் பொறுமையாகக் கவனித்து, உங்கள் வீட்டில் தென்படும் அறிகுறி எது என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

எழுதுவதில் இரண்டு வேலைகள் அடங்கியிருக்கின்றன. என்ன சொல்வது, எதை முதலில் சொல்வது என்று மனத்துக்குள் கோப்பது ஒன்று. அதை எழுத்து எழுத்தாகத் தாளில் இறக்குவது மற்றொன்று. பெரியவர்களுக்கு இரண்டாவது வேலை தானாக நடந்துவிடுவதால் அது ஒரு வேலையாகவே தெரிவதில்லை. ஏழு வயதுக் குழந்தையோ ‘ழ’ எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று யோசித்து முடிப்பதற்குள் சொல்ல வந்ததை மறந்துவிடுகிறது. வீட்டில் நாம் காணும் சிக்கல்களில் பெரும்பாலானவை, இவ்விரண்டு வேலைகளையும் ஒரே நேரத்தில் சுமத்துவதாலும், முதல் வேலை தடுமாறும்போது இரண்டாவதைத் திருத்துவதாலும் வருகின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

1907ஆம் ஆண்டு ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி இவ்விரண்டையும் பிரித்தே கையாண்டார். அங்கே குழந்தைகள் உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவி வடிவத்தைப் பழகினார்கள். தனித்தனியாக வெட்டி வைத்த எழுத்துகளை அடுக்கி, பென்சில் பிடித்து எழுதப் பழகுவதற்கு முன்பே தமக்குத் தோன்றிய சொற்களை உருவாக்கினார்கள். அவர் 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவருடைய கருவிகள் எல்லாம் நமக்குத் தேவையில்லை. அந்தப் பிரித்துப் பார்க்கும் முறையை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

அதற்கான சோதனை எளியது. அன்று நடந்த ஏதேனும் ஒன்றைக் குழந்தையை வாயால் சொல்லச் சொல்லுங்கள். பேச்சில் தடையின்றி வருவது தாளில் வரவில்லை என்றால் சிக்கல் கையிலோ எழுத்து வடிவத்திலோ இருக்கிறது. பேச்சிலேயே வரவில்லை என்றால் சிக்கல் பொருளில் இருக்கிறது. தனியாக இருக்கும்போது எழுதி, நாம் அருகில் வந்ததும் நிறுத்திவிடுகிறது என்றால் காரணத்தை நம்மிடம்தான் தேட வேண்டும்.

அறிகுறி: கதை நன்றாகச் சொல்கிறது, நாலு வரி எழுதியதும் கை வலிக்கிறது என்கிறது

இதைச் சாக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்; பெரும்பாலும் உண்மையாகவே வலிக்கும். முதலில் உட்காரும் இடத்தைப் பாருங்கள். சாப்பாட்டு மேசையில் எழுதும் ஆறு வயதுக் குழந்தைக்குக் கால் தரையைத் தொடாது. மேசையின் விளிம்பு மார்பளவுக்கு நிற்கும். தோளைத் தூக்கிக்கொண்டே எழுத வேண்டியிருப்பதால் கை விரைவில் களைத்துவிடும். காலுக்கடியில் ஒரு முக்காலியும் இருக்கையின் மேல் மடித்த போர்வையும் வைத்தாலே வேறுபாடு தெரியும். சம்மணமிட்டு அமர்ந்து தாழ்ந்த சாய்வு மேசையில் எழுதுவதும் நல்லதுதான்.

அடுத்து விரல்களைப் பாருங்கள். நகக்கண் வெளுக்கும் அளவுக்கு அழுத்திப் பிடிக்கும் குழந்தைக்கும், நான்கு விரல்களையும் சேர்த்து முஷ்டியாகப் பிடிக்கும் குழந்தைக்கும் சுண்டுவிரல் நீளமே உள்ள துண்டுப் பென்சிலைக் கொடுத்துப் பாருங்கள். நீளமான பென்சிலை எப்படி வேண்டுமானாலும் பிடிக்கலாம். துண்டுப் பென்சிலைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றால் பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. சிலேட்டும் பலப்பமும் இந்த வேலையை முன்பு தாமாகவே செய்துவந்தன. சிலேட்டு இன்றும் சிறந்த கருவிதான். குழந்தை பலப்பத்தைக் கடித்துத் தின்னாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடக்கையால் எழுதும் குழந்தைக்குத் தாளை உடலின் நடுவிலிருந்து சற்று இடப்பக்கம் தள்ளி வைத்து, தாளின் இடது மேல்மூலை உயர்ந்திருக்கும்படி சாய்த்துக் கொடுங்கள். பென்சில் முனையிலிருந்து சற்று மேலே பிடித்தால்தான் எழுதுவது கைக்கு மறையாமல் தெரியும். கையை மாற்றச் சொல்லி வற்புறுத்துவது எழுத்தின் மீதே வெறுப்பை வளர்க்கும். இன்றும் சில வீடுகளில் பெரியவர்கள் இதைச் செய்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

தமிழ் எழுத்துகளில் வளைவும் சுழியும் மிகுதி. எனவே ட, ப, ம, ய போன்ற நேர்கோட்டு எழுத்துகளில் கை பழகிய பிறகு இ, ஞ, ண, ழ ஆகியவற்றுக்குப் போவது நல்லது. இடைப்பட்ட காலத்தில் வாசலில் புள்ளி வைத்துச் சுழிக்கோலம் போடக் குழந்தையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விஜயதசமி அன்று தட்டில் அரிசியைப் பரப்பி விரல் பிடித்து ‘அ’ எழுத வைக்கிறோம். அந்தத் தட்டை மறுநாளே எடுத்து வைத்துவிடாமல் சில மாதங்கள் பயன்படுத்தலாம். விரலால் அரிசியில் எழுதும்போது அழுத்தம் தேவையில்லை, தவறினால் தட்டை ஒருமுறை குலுக்கினால் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் எட்டு வயதைக் கடந்த குழந்தை எழுத்துகளைத் தொடர்ந்து இடவலம் மாற்றி எழுதுகிறது, கரும்பலகையைப் பார்த்து எழுதுவதில் வரிகளைத் தவறவிடுகிறது, பேச்சுத் திறனுக்கும் எழுத்துக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது என்றால், முதலில் கண் பரிசோதனையும் அடுத்துக் குழந்தைநல மருத்துவர் வழியாகக் கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீடும் செய்துகொள்ள வேண்டும். குறிப்பிட்ட கற்றல் குறைபாடு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. அதற்குரிய சான்றிதழ் உள்ள மாணவர்களுக்குப் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் முதலிய சலுகைகள் உண்டு. சோம்பேறி என்ற பட்டத்தைச் சுமந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் ஒரு குழந்தை துன்பப்படுவதை இந்த மதிப்பீடு தவிர்க்கும்.

அறிகுறி: கொம்பும் காலும் இடம் மாறுகின்றன

‘கொடி’ என்று சொல்லும்போது வாயில் முதலில் வருவது ககர ஒலி. எழுதும்போதோ ஒற்றைக்கொம்பை முதலில் போட்டு, பிறகு ‘க’ எழுதி, கடைசியில் கால் வாங்க வேண்டும். காதில் கேட்ட வரிசைப்படியே எழுதும் குழந்தை ‘க’வை முதலில் எழுதிவிட்டு, கொம்புக்கு இடமில்லாமல் விழிக்கிறது. குழந்தை இங்கே ஒலியைச் சரியாகத்தான் பின்பற்றுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் கோபம் வராது. பழைய அட்டைப் பெட்டியில் க, த, ப, ம முதலிய எழுத்துகளை ஒரு நிறத்திலும், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, கால் முதலிய குறிகளை வேறு நிறத்திலும் வெட்டிக் கொடுத்து, தோசை, பொம்மை, கோழி என்று அடுக்கச் சொல்லுங்கள். அட்டையை இங்கும் அங்கும் நகர்த்திப் பார்க்கும் குழந்தைக்கு இந்த வரிசை விரைவில் பிடிபட்டுவிடும்.

வீட்டில் தாத்தா பாட்டி எழுத்துக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன் பள்ளியில் படித்தவர்கள் ணை, லை, ளை, னை ஆகியவற்றைத் துதிக்கை போல் மேலே வளைந்த கொம்புடன் எழுதுவார்கள். ணா, றா, னா ஆகியவற்றையும் கால் தனியே நிற்காமல் ஒட்டிய வடிவில் எழுதுவார்கள். பள்ளியில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாகப் பார்த்துக் குழம்பும் குழந்தையிடம், அது தாத்தா படித்த காலத்து எழுத்து, தவறில்லை, நீ பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல் எழுது என்று சொன்னாலே போதும்.

அறிகுறி: “என்ன எழுதுறதுன்னு தெரியல”

பேச்சிலும் எதுவும் வரவில்லை என்றால், கேட்கப்படும் தலைப்பு குழந்தையின் கைக்கு அடங்காத அளவுக்குப் பெரியது என்று பொருள். ‘பொங்கல் திருநாள்’ என்று கொடுத்தால், பொங்கல் தமிழர் திருநாள், அது நான்கு நாட்கள் கொண்டாடப்படுகிறது என்று கட்டுரைப் புத்தகத்தில் படித்ததை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளும். அதில் குழந்தையின் சொந்தப் பார்வை ஒன்றும் இல்லை. எழுதுவதில் மகிழ்ச்சியும் இல்லை. அதையே, பானை எந்தப் பக்கம் பொங்கி வழிந்தது, யார் முதலில் கத்தியது, அடுப்பு அணைந்துவிட்டதா என்று கேளுங்கள். நேரில் கண்ட ஒன்றைப் பற்றிக் கேட்டால் எந்தக் குழந்தையும் பேசும்.

பேசத் தொடங்கியதும் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். குழந்தை சொன்ன சொல்லை மாற்றாமல், அழகுபடுத்தாமல், அதன் கண்முன்னே எழுதி, முடிந்ததும் விரலை வைத்துக்கொண்டே உரக்கப் படித்துக் காட்டுங்கள். தான் பேசியது எழுத்தாக நிற்பதைப் பார்க்கும் குழந்தை, இன்னும் கொஞ்சம் இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள் என்று தானே சொல்லும். சில வாரங்களில் கடைசி வரியை மட்டும் குழந்தை எழுதட்டும். பிறகு முதல் வரியும் கடைசி வரியும். இப்படியே உங்கள் பங்கு குறைந்துகொண்டு வரலாம். நான் அறிந்த வழிகளில் இதைவிடப் பயன் தருவது வேறில்லை. செலவும் இல்லை, ஒருநாளில் கால் மணி நேரம் போதும்.

வெற்றுத்தாளின் அளவைப் பார்த்தே மலைக்கும் குழந்தைகளுக்கு, தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களைச் சேர்த்துவைத்து அவற்றின் வெறும் பக்கத்தைக் கொடுக்கலாம். மூன்று வரியில் நிறைந்துவிடும் தாள் யாரையும் அச்சுறுத்துவதில்லை.

அறிகுறி: பேசுவது போலவே எழுதுகிறது, திருத்தினால் நின்றுவிடுகிறது

தமிழ்க் குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் சிக்கல் இது. மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். வீட்டில் ‘போயிட்டிருந்தோம்’ என்று பேசும் குழந்தை, எழுதும்போது ‘போய்க்கொண்டிருந்தோம்’ என்று எழுத வேண்டியிருக்கிறது. எழுத்துத் தமிழைக் காதால் போதுமான அளவு கேட்காத குழந்தைக்கு ஒவ்வொரு வினைச்சொல்லும் ஒரு தடையாகிறது. அதனால்தான் கதை சொல்லும்போது துள்ளி வரும் மொழி தாளில் மூன்று சொல் வாக்கியங்களாகச் சுருங்கிப்போகிறது.

எட்டு வயது வரை இதைத் திருத்தவே வேண்டாம் என்று நான் சொல்வேன். பேச்சு வழக்கிலேயே எழுதட்டும். அதே வேளையில் தினமும் எழுத்துத் தமிழில் உள்ள ஒரு கதையை உரக்கப் படித்துக் காட்டுங்கள். படிக்கும்போது பேச்சுத் தமிழுக்கு மாற்றிவிடாமல், அச்சில் உள்ளபடியே படியுங்கள். ‘வந்துவிட்டான்’, ‘பார்த்துக்கொண்டிருந்தாள்’ என்ற ஓசை காதில் ஏறினால்தான் கையில் வரும்.

அதன்பின் செய்தி வாசிப்பவர் விளையாட்டு ஒன்று வைத்துக்கொள்ளலாம். “நேத்து நம்ம தெருவுல மாடு பூந்துடுச்சு” என்பதைத் தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் எப்படிச் சொல்வார் என்று கேட்டால், “நேற்று நமது தெருவில் மாடு ஒன்று புகுந்துவிட்டது” என்று குழந்தையே குரலை மாற்றிச் சொல்லும். ‘-டுச்சு’ என்று முடிவது ‘-விட்டது’ ஆகிறது, ‘-ட்டிருக்கு’ என்பது ‘-க்கொண்டிருக்கிறது’ ஆகிறது என்ற ஒழுங்கையும் அதுவே கண்டுகொள்ளும். கதையில் வரும் மனிதர்கள் பேசுவதை மேற்கோள் குறிக்குள் பேச்சு வழக்கிலேயே விட்டுவிடலாம். தமிழில் சிறுகதை எழுதுபவர்கள் பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று சொன்னால், தானும் எழுத்தாளர் செய்வதையே செய்கிறோம் என்ற நிமிர்வு குழந்தைக்கு வரும்.

அறிகுறி: அழித்து அழித்துத் தாள் கிழிகிறது, நாம் அருகில் வந்தால் நோட்டை மூடுகிறது

தவறு செய்துவிடுவோமோ என்ற அச்சமே இதன் காரணம். அந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஏழு வயதுக் குழந்தை ஒன்று இப்படி எழுதிக் கொண்டுவருகிறது என்று கொள்வோம்:

“நேத்து மள பேஞ்சிது. தண்ணி தின்னையில ஏறிடிச்சி. தாத்தா செருப்பு ஒன்னு மிதந்து போச்சி.”

இதில் ளகர ழகரக் குழப்பம், னகர ணகரக் குழப்பம், பேச்சு வழக்கு என்று சிவப்பு மையால் வட்டமிட ஏராளமாக இருக்கிறது. எல்லாவற்றையும் வட்டமிட்டுக் கொடுத்தால், மறுமுறை அந்தக் குழந்தை தனக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்த சொற்களை மட்டும் வைத்து “நேற்று மழை. மழை நல்லது.” என்று எழுதும். பிழை இருக்காது, செருப்பும் இருக்காது.

ஆகவே முதலில் செருப்பைப் பற்றிக் கேளுங்கள். எந்தக் கால் செருப்பு, எவ்வளவு தூரம் போனது, தாத்தா என்ன சொன்னார், யார் பிடித்துக் கொடுத்தார்கள்? குழந்தை பதில் சொன்னதும், இதையும் எழுதினால் அத்தைக்குப் படித்துக் காட்டலாமே என்று சொல்லுங்கள். மூன்று வரி ஆறு வரியாகும். திருத்த வேண்டியவற்றில் ஒன்றை மட்டும், அதுவும் இரண்டு நாள் கழித்து எடுத்துக்கொள்ளுங்கள். மழை, பழம், கிழமை, வாழை என்று ழகரம் வரும் சொற்களைச் சேர்த்து அன்று சொல்லிப் பழகினால் போதும். திண்ணைக்கு வேறொரு நாள் வரும்.

அழிப்பதற்கு மருந்து, ரப்பரைச் சில வாரங்கள் எடுத்து வைத்துவிட்டுப் பால்பாயின்ட் பேனா கொடுப்பது. தவறினால் ஒரு கோடு இழுத்துவிட்டு மேலே எழுதலாம் என்பதை நீங்களே கடைச் சீட்டு எழுதும்போது செய்து காட்டுங்கள்.

அறிகுறி: நோட்டை எடுத்தாலே அழுகை

எழுத்து தண்டனையாகப் பயன்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பொய் சொன்னதற்காகப் பத்து முறை எழுது, மதிப்பெண் குறைந்ததற்காக இம்போசிஷன் எழுது என்பவை எழுத்தின் மீதுள்ள ஆசையை வேரோடு பிடுங்கிவிடும். வீட்டில் இதை உடனே நிறுத்திவிடுங்கள். பள்ளியில் நடக்கிறது என்றால் ஆசிரியரைத் தனியே சந்தித்துப் பணிவாகச் சொல்லுங்கள்.

அறிகுறி: கைபேசியில் மட்டும், அதுவும் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுகிறது

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் இது மிகுதி. இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைக்குச் சொல்ல விஷயமும் கேட்க ஆட்களும் இருக்கிறார்கள் என்பதையே இது காட்டுகிறது. கைபேசியில் தமிழ் விசைப்பலகையை அமைத்துக் கொடுத்து, வீட்டில் நீங்களும் உங்கள் செய்திகளைத் தமிழிலேயே அனுப்புங்கள். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டி உருவான தமிழ்99 என்னும் விசைப்பலகை அமைப்பில் மெய்யையும் உயிரையும் அடுத்தடுத்துத் தட்டினால் உயிர்மெய் வந்துவிடுவதால், எழுத்தின் கட்டமைப்பும் கூடவே பழகும். கைப்பழக்கம் வரும் வரை வேகம் குறைவாக இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அறிகுறி: எழுதத் தெரிகிறது, ஆனால் வீட்டுப்பாடம் தவிர ஒரு வரி எழுதுவதில்லை

இந்தக் குழந்தைக்குக் கையிலும் குறையில்லை, மொழியிலும் குறையில்லை. எழுதினால் படிக்க ஆளில்லை. ஆசிரியர் மதிப்பெண் போடுவார், அப்பா கையெழுத்துப் போடுவார், படிப்பவர் யாருமில்லை. ஊரில் உள்ள பெரியம்மாவுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதி, முகவரியையும் குழந்தையே எழுதி, அதுவே பெட்டியில் போட்டு, பதில் வரும் வரை காத்திருக்கட்டும். பெரியம்மாவிடம் தொலைபேசியில் பேசி, கட்டாயம் எழுத்திலேயே பதில் போடும்படி முன்னதாகக் கேட்டுக்கொள்வது உங்கள் பொறுப்பு. பதில் வராத கடிதம் ஆர்வத்தைக் கெடுத்துவிடும்.

அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்தால் கையெழுத்துப் பத்திரிகை நடத்தலாம். நம் ஊர்களில் இதற்கு நீண்ட மரபு உண்டு. நான்கு தாளை மடித்து நூலால் தைத்து, ஒரு கதை, ஒரு படம், தெருச் செய்தி, விடுகதை என்று நிரப்பி, ஒரே பிரதியை வீடு வீடாகச் சுற்றுக்கு விடலாம்; கடைசிப் பக்கத்தைப் படித்தவர்கள் கருத்தெழுத வெறுமையாக விட்டுவைக்க வேண்டும். வெளியே அனுப்ப விரும்பும் பிள்ளைகளுக்கு, அரசுப் பள்ளி மாணவர்களுக்காகப் பள்ளிக்கல்வித் துறை வெளியிடும் ஊஞ்சல், தேன்சிட்டு ஆகிய இதழ்களும், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழும் இருக்கின்றன. 9 முதல் 15 வயது வரையுள்ளவர்களுக்கு உலக அஞ்சல் ஒன்றியம் 1971 முதல் நடத்திவரும் கடிதப் போட்டியும் உண்டு. பரிசை முன்னிறுத்த வேண்டாம்; தெரியாத ஒருவர் தன் எழுத்தைப் படிக்கிறார் என்பதே பெரிய தூண்டுதல்.

அறிகுறி: நிறைய எழுதுகிறது, யாருக்கும் காட்டுவதில்லை

இதில் சரிசெய்ய எதுவும் இல்லை. பதினொரு, பன்னிரண்டு வயதில் எழுத்து தனக்கே உரிய இடமாக மாறத் தொடங்கும். காட்டச் சொல்லிக் கேட்பதும், இல்லாத நேரத்தில் எடுத்துப் படிப்பதும் அந்த இடத்தைப் பறித்துவிடும். ஒருமுறை படித்தது தெரிந்துவிட்டால் மீண்டும் எழுதவைப்பது மிகக் கடினம். எனவே, அந்த நோட்டை நானோ தம்பியோ தொட மாட்டோம் என்று வெளிப்படையாகச் சொல்லி, அதன்படி நடந்துகொள்ளுங்கள். பிள்ளையின் உணவு, உறக்கம், நட்பு ஆகியவற்றில் கவலைக்குரிய மாற்றம் தெரிந்தால் நோட்டைத் தேடாமல் நேரில் உட்கார்ந்து கேளுங்கள். மற்றபடி, தீர்ந்துபோகும் முன் அடுத்த நோட்டை வாங்கி வைத்தால் போதும்.